ஓதும்போது மனம் நிற்பதில்லையே? யோகம், முராகபா, குர்ஆன் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் மக்ரிப், இஷா தொழுகைகளுக்கு நடுவே பெரியவர்களுக்காகத் தமிழில் நடக்கும் குர்ஆன் வகுப்பில், பாடத்தைப் பற்றி வரும் கேள்விகளைவிட மனத்தைப் பற்றி வரும் கேள்விகள்தான் அதிகம். புத்தகம் திறந்திருக்கிறது, வாய் ஓதுகிறது, மனம் மட்டும் வாடகைப் பாக்கியிலோ பிள்ளையின் எஸ்பிஎம் பள்ளித் தேர்விலோ உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பேச்சு தொடங்கினால் யோகாவும் தானாக வந்துவிடும்: கடற்கரையில் நடக்கும் யோகா வகுப்புக்குப் போகலாமா, மூச்சுப் பயிற்சி செய்தால் ஓதல் சீராகுமா, திக்ரும் (இறைவனை நினைந்து அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது) ஜெபமும் ஒன்றுதானா, முராகபா எனும் சூஃபி தியானம் எங்கே சேரும். தேத்தண்ணிக் கடையில் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் முஃப்தி அல்ல, வகுப்பில் உதவியாக இருப்பவன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் மாநில முஃப்தி அலுவலகத்தைக் கேட்பதே முறை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மலேசியாவில் முஸ்லிம்கள் யோகா செய்யலாமா, கூடாதா?

2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் ஒரு தீர்ப்பு வெளியிட்டது. உடல் அசைவு, வழிபாட்டு அம்சம், மந்திரம் ஓதுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த யோகம் முஸ்லிம்களுக்குக் கூடாது, அது ஈமானை (இறைநம்பிக்கையை) குலைக்கக்கூடும் என்பது அதன் சாரம். நாடே பரபரத்தது. சில நாட்களிலேயே அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்வதற்குத் தடையில்லை என்று விளக்கம் தந்தார். சிலாங்கூர் சுல்தானோ, இப்படி ஒன்றை அறிவிக்கும் முன் மலாய் ஆட்சியாளர்களைக் கலந்திருக்க வேண்டும் என்றார். தேசிய மன்றம் சொல்லிவிட்டால் மட்டும் அது சட்டமாகிவிடாது, அந்தந்த மாநில அரசிதழில் வெளியாக வேண்டும் என்ற விவரம் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா மன்றமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டது: மந்திரமும் வழிபாடும் கூடாது, வெறும் உடற்பயிற்சி என்றால் குற்றமில்லை. 2017இல் சவூதி அரேபியா யோகாவை விளையாட்டு வகையில் சேர்த்து அனுமதித்தது. தலைப்புச் செய்திகள் ஒன்றோடொன்று முட்டினாலும், வழிபாடு வேறு, உடற்பயிற்சி வேறு என்று பிரிப்பதில் எல்லோரும் ஒரே பக்கம்தான். முதுகுவலிக்காக உடம்பை வளைக்கிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி வருவதெல்லாம் மனத்தைப் பற்றியது.

குர்ஆன் படிப்பதற்கும் யோகத்துக்கும் அப்படி என்னதான் சம்பந்தம்?

கொள்கையில் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே தொல்லையை எதிர்கொள்கின்றன, அவ்வளவே.

சித்தத்தின் அலைகளை அடக்குவதே யோகம் என்று பதஞ்சலியின் யோக சூத்திர நூலில் இரண்டாவது சூத்திரம் சொல்கிறது. மனத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை, அந்தக் கட்டு அறுபடாமல் ஓடுவது தியானம், பார்க்கிறவன் மறைந்து பார்க்கப்படுவது மட்டும் மிஞ்சுவது சமாதி என்று மூன்றாம் பாதம் படி வைக்கிறது. குர்ஆனில் காஃப் அத்தியாயத்தின் 37ஆம் வசனம், இதில் யாருக்கு நினைவூட்டல் இருக்கிறது என்று சொல்கிறது: இதயம் உள்ளவருக்கு, அல்லது மனம் அங்கேயே இருக்கக் காது கொடுத்துக் கேட்பவருக்கு. காது கொடுத்தால் மட்டும் போதாது, ஆளும் அங்கே இருக்க வேண்டும்.

பிரிகிற இடமும் இதுதான். பதஞ்சலியின் பாதையில் கடைசியில் அலையே இருக்கக்கூடாது. ஓதுகிறவரிடம் குர்ஆன் கேட்பது அலையற்ற மனத்தை அல்ல. "இவர்கள் குர்ஆனை ஆராய்ந்து பார்க்க மாட்டார்களா, இதயங்களுக்குப் பூட்டா போட்டிருக்கிறது?" என்று முஹம்மத் அத்தியாயத்தின் 24ஆம் வசனம் கேட்கிறது. ஆராய்வதற்கு மனம் வேலை செய்ய வேண்டும், வேறு வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். "மனத்தைக் காலி செய்யுங்கள்" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு முஸ்ஹஃபின் (குர்ஆன் பிரதியின்) முன் உட்கார்ந்தால் அமைதி கிடைக்கலாம், பாடம் ஏறாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்: நம் மரபில் கவனம் என்பது ஒரு வசனத்திலும் ஓர் ஆசிரியரிடத்திலும் கட்டப்பட்டது. கட்டுத்தறியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் இரவல் வாங்குவதில் பயனில்லை.

முந்தைய முஸ்லிம் அறிஞர்கள் யோக நூல்களைத் தொட்டதே இல்லையா?

தொட்டார்கள், மொழிபெயர்க்கவே செய்தார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நம்ப மறுக்கும் பகுதி இது.

973இல் பிறந்த அல்பிரூனி, கஜினி மஹ்மூதின் காலத்தில் இந்தியாவைப் படித்து எழுதியவர். யோக சூத்திரத்தை ஓர் உரையோடு சேர்த்து அரபியில் கொண்டுவந்தார். சூத்திரங்களை அப்படியே பெயர்க்காமல், ஒரு துறவி கேட்கப் பதஞ்சலி பதில் சொல்வதாக, கேள்வி-பதிலாக மாற்றி எழுதினார். இந்தப் பக்கத்தின் வடிவத்துக்கு ஆயிரம் ஆண்டு முன்மாதிரி இருக்கிறது என்று நான் மகிழ்ந்துகொள்கிறேன். அவர் யோகி ஆகிவிடவில்லை. இன்னொரு கூட்டத்தார் என்ன நம்புகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்பது அவர் முறை.

அடுத்தவர் முஹம்மத் கவ்ஸ் குவாலியரி, 1563இல் மறைந்த, ஷத்தாரிய்யா எனும் தரீக்காவின் (சூஃபி வழியின்) பெரிய ஷைகு (ஆன்மிக ஆசான்). அமிர்தகுண்டம் என்ற வடமொழி யோக நூல் முன்பே அரபியில் வந்திருந்தது. அதை விரித்துப் பாரசீகத்தில் 'பஹ்ருல் ஹயாத்' என்று எழுதினார். அதில் 21 ஆசனங்கள் உண்டு. இளவரசர் சலீமுக்காக, அதாவது பின்னாளின் ஜஹாங்கீருக்காக, 1600ஐ ஒட்டி ஓவியங்களோடு எழுதப்பட்ட அந்நூலின் பிரதி ஒன்று இன்று டப்ளினில் இருக்கிறது. மந்திரங்கள் வரும் இடங்களில் அவற்றுக்கு ஈடாக இறைவனின் அரபுத் திருநாமங்களைக் காட்டுவது இந்த நூல் மரபின் வழக்கம். நாத யோகிகளான கோரக்நாதரை கிள்ரு நபியோடும், மச்சேந்திரநாதரை யூனுஸ் நபியோடும் அது பொருத்திப் பார்க்கிறது. மீன் வயிற்றுக் கதை இரண்டு பேருக்கும் உண்டல்லவா! இதையெல்லாம் நான் ஏற்கச் சொல்லவில்லை. எனக்கே அந்தப் பொருத்தங்கள் சற்று மிகையாகத்தான் படுகின்றன. கவ்ஸைக் குஜராத் உலமாக்கள் சிலர் கடுமையாக எதிர்த்ததும் உண்மை. ஆனால் அந்தச் சண்டைக்குக் காரணம் ஆசனம் அல்ல, தமக்கு விண்ணேற்றம் வாய்த்ததாக அவர் எழுதியதுதான்.

இதைப் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ஏன் சொல்கிறேன்? குவாலியரில் அந்த கவ்ஸிடம் பாடம் கேட்டவராக வரலாறுகள் சொல்பவர் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம். அவர் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தர்கா லெபுஹ் சூலியாவில் இருக்கிறது, 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து நடக்கிற தூரம். ஷத்தாரிய்யா மலாய் உலகுக்கு வந்த வழி வேறு. சுமத்ராவிலுள்ள ஆச்சேயின் அப்துர்ரவூஃப் சிங்கில் மதீனாவில் அந்தத் தரீக்காவைப் பெற்றுத் திரும்பினார், மலாயில் முதல் முழு குர்ஆன் விரிவுரையையும் எழுதினார், 1693இல் மறைந்தார். ஆச்சேயிலிருந்து வந்த வணிகர் துங்கு சையது ஹுசைன் கட்டிய 1808ஆம் ஆண்டுப் பள்ளிவாசல் இதே ஊரில் லெபுஹ் ஆச்சேயில் நிற்கிறது. முராகபாவில் தோய்ந்த ஒருவர்தான் நம் பக்கத்து முதல் தஃப்ஸீரையும் (குர்ஆன் விரிவுரையையும்) தந்தார் என்பதை, தியானம் வேறு படிப்பு வேறு என்று நினைப்பவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

அப்படியென்றால் நாகூர் நாயகம் யோகா செய்தார் என்கிறீர்களா?

இல்லை. அவர் ஆசிரியர் யோகம் பற்றி எழுதினார் என்பது வேறு, மாணவர் அதைச் செய்தார் என்பது வேறு.

தமிழில் இப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா?

சூஃபிப் பாவலர்கள் தக்கலை பீர் முகம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாகிபு. இந்த இரண்டு பெயர்களையும் நம் பெரியவர்கள் பாட்டாகவே அறிவார்கள். தொண்டி அருகே குணங்குடியில் பிறந்து, துறவியாகச் சென்னை வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மறைந்த மஸ்தான் சாகிபு, சூஃபி ஞானி முஹிய்யித்தீன் ஆண்டகை மேல் சதகம் பாடியவர். அதே அவர் 'குரு', 'நிட்டை', 'மனோன்மணி' என்று சித்தர்கள் புழங்கிய சொற்களிலும் பாடினார். அவர் மேல் பாமாலை பாடியவர்களில் சைவத் தமிழ்ப் புலவர்களும் உண்டு.

ஓர் எச்சரிக்கை: சித்தர் மொழியில் பாடியதாலேயே சித்தர் கொள்கையை ஏற்றார் என்று ஆகாது. அன்றைய தமிழில் அகப் பயிற்சியைப் பேசுவதற்கு இருந்த மொழி அதுதான். அந்தப் பாடல்களை ஒரு வழிகாட்டி இல்லாமல் பயிற்சி நூலாக எடுத்துக்கொள்வதை எங்கள் ஹஜ்ரத் (வகுப்பின் ஆசிரியர்) ஒருபோதும் ஊக்குவிப்பதில்லை, பாடிக் கேட்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை என்றாலும்.

சரி, ஓதும்போது மனம் அலைந்தால் என்ன செய்வது? நம் இமாம்கள் என்ன சொல்கிறார்கள்?

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தொழுகையின் அந்தரங்கம் பற்றி எழுதும் இடத்தில் இதைப் பிட்டுப் பிட்டு வைக்கிறார். உள்ளம் அங்கே இருத்தல், சொல்வதன் பொருள் அறிதல், மதிப்பு, அச்சம், நம்பிக்கை, நாணம் என்று ஆறு வரிசை. முதலாவது வாய்க்காவிட்டால் மற்ற ஐந்தும் பேச்சுக்குக்கூட வராது. அந்த முதலாவது எப்படி வரும்? எதில் அக்கறையோ அதில்தான் உள்ளம் இருக்கும் என்கிறார். மனம் கடையில் இருக்கிறது என்றால் அது ஓடிப்போனதாக அர்த்தமில்லை, அக்கறை இருக்கும் இடத்தில் விசுவாசமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மனத்தைத் திட்டிப் பயனில்லை. அக்கறையை இடம் மாற்ற வேண்டும்.

கலைப்பவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். கண்ணும் காதும் வழியாக வருவது ஒன்று. அதற்கு மருந்து எளிது: சுவரை ஒட்டி நில், கண்ணை மூடு, இருட்டறையில் தொழு, கண்ணை இழுக்கும் எதையும் முன்னால் வைக்காதே. பழைய வணக்கசாலிகள் ஸஜ்தா செய்ய (நெற்றியைத் தரையில் வைத்து வணங்க) மட்டும் இடமிருக்கும் சின்ன இருட்டறையில் தொழுதார்கள் என்கிறார். இரண்டாவது உள்ளிருந்தே வருவது. கண்ணை மூடினால் அது இன்னும் கொழுக்கும். அதற்கு முதல் மருந்து, தக்பீர் கட்டுமுன் (தொழுகையைத் தொடங்குமுன்) கொஞ்சம் நின்று நிலுவையில் உள்ள காரியங்களை மனத்திலிருந்து இறக்கி வைப்பது, பிறகு ஓதுவதன் பொருளில் மனத்துக்கு வேலை கொடுப்பது. அதற்கும் அடங்காவிட்டால் வேரையே எடுக்க வேண்டும்.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற மரக்கதை வருகிறது. மரத்தடியில் உட்கார்ந்து யோசிக்க நினைத்தான் ஒருவன். மேலே குருவிகள் கத்தின. கம்பை எடுத்து விரட்டினான், உட்கார்ந்தான், குருவிகள் திரும்பி வந்தன, மறுபடி கம்பை எடுத்தான். இது செக்குமாட்டு நடை, முடிவே வராது, தப்பிக்க வேண்டுமென்றால் மரத்தை வெட்டு என்றார்களாம் அவனிடம். மரம் என்பது ஆசை. அபூதல்ஹா (ரலி) தம் தோட்டத்தில் தொழுதபோது, வெளியே வழி தேடிப் பறந்த ஒரு பறவையின் பின்னால் கண் போய் ரக்அத் (தொழுகைச் சுற்று) கணக்குத் தவறியது. அந்தத் தோட்டத்தையே தர்மமாகக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தைக் கொடுக்க நம்மால் ஆகாது என்பது தெரியும். பதஞ்சலியும் சித்தத்தை அடக்க இரண்டையே சொல்கிறார்: விடாப் பயிற்சி, வைராக்கியம். நெடுநாள், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேர்பிடிக்கும் என்கிறார். குருவி விரட்டுவதும் வேண்டும், மரம் வெட்டுவதும் வேண்டும் என்பதில் இரண்டு பெரியவர்களும் ஒத்துப்போகிறார்கள். இன்றைய 'பத்தே நிமிடத்தில் மன அமைதி' வகுப்புகள் கம்பை மட்டும் விற்கின்றன என்பது என் புகார்.

தஜ்வீதில் (ஓதும் முறை விதிகளில்) கவனம் வைத்தால் பொருள் நழுவுகிறது. பொருளைப் பிடித்தால் மஹ்ரஜ் (எழுத்து பிறக்கும் இடம்) தவறுகிறது.

எல்லாருக்கும் உள்ள தொல்லைதான், கஸ்ஸாலியும் கண்டிருக்கிறார். குர்ஆனின் பொருளை மறைக்கும் திரைகளை எண்ணும்போது முதல் திரையாக அவர் வைப்பது, எழுத்தை உச்சரிப்பதிலேயே முழு எண்ணத்தையும் செலவழிப்பதை. எழுத்து இன்னும் சரியாக வரவில்லை என்று சொல்லிச் சொல்லித் திரும்ப ஓதவைப்பதற்கென்றே ஓதுவோர் மேல் ஒரு ஷைத்தான் ஏவப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்.

தஜ்வீது வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. அதைத் தனி நேரத்தில் ஆசிரியரின் வாயைப் பார்த்து, தலக்கீ முறையில் பயில வேண்டும். நாக்கு தானாகப் போகும் அளவுக்குப் பழகிய பகுதியை வைத்துத்தான் பொருள் சிந்திக்க உட்கார வேண்டும். ஒரே அமர்வில் இரண்டையும் புதிதாகச் செய்யப் போனால் இரண்டும் போகும்.

இதோடு ஒன்று. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவையே ஏழெட்டு முறை திரும்பத் திரும்ப ஓதி, உளூவை (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதை) மணிக்கணக்கில் செய்து, அழுதுகொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பக்தியின் மிகுதி அல்ல. வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) அந்த அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். திக்ரோ, யோகாவோ, மூச்சுப் பயிற்சியோ அதற்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் போவதில் மார்க்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

மூச்சுப் பயிற்சி ஓதலுக்கு உதவுமா?

ஓதலே ஒரு மூச்சுப் பயிற்சிதான். எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தினால் பொருள் கெடும் என்று வக்ஃப் (நிறுத்தல்) விதிகள் சொல்கின்றன, மத்து (உயிரொலியின் நீட்டம்) 2 அளவு, 4 அளவு, 6 அளவு என்று நீள்கிறது. ஆகவே மூச்சை எப்போது எடுப்பது என்பதை நுரையீரல் முடிவு செய்வதில்லை, வசனத்தின் பொருள் முடிவு செய்கிறது. பிராணாயாமத்தில் எண்ணிக்கை ஆளும் இடத்தில் இங்கே அர்த்தம் ஆளுகிறது. நிறுத்தி நிதானமாக ஓதச் சொல்லும் முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தை அப்படியே செய்தாலே மூச்சு இறங்கிவிடும்.

நக்ஷபந்தி தரீக்காவில் 'ஹோஷ் தர் தம்' என்று ஒரு பயிற்சி உண்டு: உள்ளே போகிற, வெளியே வருகிற எந்த மூச்சும் மறதியில் கழியாமல் பார்த்துக்கொள்வது. அப்துல் காலிக் கிஜ்துவானி வகுத்த எட்டு விதிகளில் அது முதலாவது. நடக்கும்போது பார்வை காலடியில் என்பது அடுத்தது, ஜாலான் பினாங்கில் சனிக்கிழமை இரவு அதைக் கடைப்பிடித்தால் யார் மீதாவது மோத வேண்டியிருக்கும் என்றாலும். மூச்சை நெஞ்சில் நிறுத்தி திக்ர் செய்யும் வழக்கமும் அந்த வழியில் உண்டு. அது ஷைகிடம் நேரில் பெற வேண்டியது, காணொளி பார்த்துச் செய்வதல்ல.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. கத்தோலிக்க ஜெபமாலையை லத்தீனில் சொன்னாலும், திபெத்திய மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற கணக்குக்கு இறங்கி இதயத் துடிப்பும் அதனோடு இசைந்தது என்பது முடிவு. வாட்ஸ்அப்பில் இதைக் 'குர்ஆன் ஓதினால் இதயம் குணமாகும் என்று விஞ்ஞானம் சொல்கிறது' என்று மாற்றி அனுப்புகிறார்கள். அந்த ஆய்வில் குர்ஆனே இல்லை. நம் வேதத்துக்கு இப்படி ஒரு பொய்ச் சான்றிதழ் தேவையில்லை.

வகுப்புக்கு வருமுன் நாலு முறை மூச்சை ஆழ இழுத்து விட்டுப் படபடப்பை இறக்கிக்கொள்ள விரும்புகிறவர் தாராளமாகச் செய்யட்டும். அது எந்த மதத்தின் சொத்தும் அல்ல.

திக்ரும் மந்திர ஜெபமும் ஒன்றுதானே? சொல் மட்டும்தானே வேறு?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. பிரணவத்தைச் சொல்வதோடு அதன் பொருளையும் பாவனை செய்ய வேண்டும் என்று பதஞ்சலி சொல்கிறார். கஸ்ஸாலி வருணிப்பது இது: ஒருவன் தனியே அமர்ந்து 'அல்லாஹ், அல்லாஹ்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒரு கட்டத்தில் நாக்கு அசையாமலேயே சொல் ஓடுவது போலாகிறது. பிறகு நாக்கு நின்று உள்ளம் சொல்கிறது. பிறகு எழுத்தின் வடிவமும் மறைந்து பொருள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

படிகள் ஒத்திருக்கின்றன. யாரை நோக்கி என்பதில்தான் முழு வேறுபாடும். திக்ர் படைத்தவனை அழைக்கும் அடியானின் வணக்கம். அழைக்கிறவனும் அழைக்கப்படுகிறவனும் ஒன்றாகிவிடுவது அதன் குறிக்கோள் அல்ல. அதனால்தான் மந்திரத்தை 'வெறும் ஒலிதானே' என்று சொல்வதும், திக்ரை 'இஸ்லாமிய மெடிடேஷன்' என்று விற்பதும் எனக்கு ஒப்பாது. இரண்டும் இரண்டு தரப்பின் வணக்கத்தையும் மலிவாக்குகின்றன.

மேலே சொன்ன இடத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் படிப்பதில்லை. இந்த வழியை மறுக்காவிட்டாலும் அறிஞர்கள் எழுப்பிய ஆட்சேபத்தை கஸ்ஸாலி அங்கே அப்படியே பதிகிறார்: கல்வியில் முதலில் பண்படாமல் தனிமையில் உட்கார்ந்தால் உடல் கெடலாம், புத்தி குழம்பலாம், வெற்றுக் கற்பனைகள் உள்ளத்தில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆளை நகரவிடாமல் செய்யலாம். ஆகவே முதலில் பாடம், பிறகு கல்வத் (தனிமையில் இருத்தல்). எங்கள் வகுப்பில் தனிமைத் தியானம் கற்றுத்தரச் சொல்லி வருகிறவர்களிடம் முதலில் அகீதா (கொள்கை), ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) பாடத்தில் உட்காரச் சொல்வது இதனால்தான். பாதிப் பேர் மறுவாரம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

மகன் தஹ்ஃபீழில் (குர்ஆனை மனப்பாடம் செய்யும் பள்ளியில்) சேர்ந்திருக்கிறான். மனப்பாடம் செய்தது நிற்கவில்லை. ஞாபக சக்திக்கு யோகா வகுப்பில் சேர்க்கலாமா?

அதற்கு முன் அவனுடைய மீள்பாடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற சின்ன நூலை, எண்ணூறு ஆண்டு கழித்தும், பொண்டோக் எனும் மலாய் மார்க்கப் பள்ளிகளில் பாடமாக வைக்கிறார்கள். அதை எழுதிய ஸர்னூஜி ஒரு கணக்கு தருகிறார்: நேற்றைய பாடத்தை 5 முறை, முந்தாநாள் பாடத்தை 4 முறை, அதற்கு முந்தியதை 3, அதற்கும் முந்தியதை 2, கடைசியாக 1. முணுமுணுக்காமல் தெம்போடு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆனால் களைத்துப்போகும் அளவுக்குக் கத்தக்கூடாது. நம் மத்ரஸாக்களில் சபக், சபகீ, மன்ஸில் என்று புதுப்பாடம், அண்மைப்பாடம், பழம்பாடம் மூன்றையும் தினமும் ஒப்பிக்கவைப்பதும் இதே அறிவுதான். கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட வேகமாகக் குர்ஆன் நழுவும் என்று புகாரி எனும் நபிமொழித் தொகுப்பில் வரும் நபிமொழி பழம்பாடத்தைப் பற்றியது. பெற்றோர்கள் புதுப்பாடத்தின் பக்கக் கணக்கை மட்டும் கேட்பதால் பிள்ளையும் அதையே ஓட்டுகிறான். 604 பக்கமும் அப்படி ஓடி முடித்தால் கையில் மிஞ்சுவது குறைவு.

ஸர்னூஜி ஞாபகத்துக்குத் தேனும், வெறும் வயிற்றில் தினம் 21 சிவப்பு உலர்திராட்சையும் பரிந்துரைக்கிறார். பச்சைக் கொத்தமல்லி மறதி தரும் என்கிறார். அது உண்மையென்றால் நாசி கந்தார் (குழம்புச் சோறு) சாப்பிடும் இந்தத் தீவில் ஒருவருக்கும் வீட்டு விலாசம் நினைவிருக்காது. அவர் காலத்து மருத்துவத்தை அங்கேயே விட்டுவிடலாம், மீள்பாடக் கணக்கை விடக்கூடாது.

பையனுக்குத் தூக்கமும் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். மந்திரம் இல்லாத உடற்பயிற்சி வகுப்பு என்றால் ஆட்சேபம் இல்லை, பந்து விளையாடினாலும் சரி. எந்த வேலையிலும் சில நிமிடம்கூட நிற்க முடியாமல் தவிக்கிறான், பள்ளியிலும் இதே புகார் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு அமர்வில் எவ்வளவு நேரம்?

உள்ளங்கள் ஒன்றியிருக்கும் வரை குர்ஆன் ஓதுங்கள், மாறுபட்டால் எழுந்துவிடுங்கள் என்பது நபிமொழி. கருத்து மோதலைப் பற்றியது என்றும் இதற்கு விளக்கம் உண்டு, சலிப்பு வந்தால் நிறுத்து என்றும் கொண்டார்கள். இன்னொரு நபிமொழி, தொழுகையில் தூக்கம் சொக்கினால் படுத்துவிடச் சொல்கிறது, மன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தன்னையே சபித்துக்கொள்ளக்கூடும் என்பதற்காக. மூன்று நாளுக்குள் குர்ஆனை முடித்தவர் அதை விளங்கவில்லை என்பதும் உண்டு. மொத்தத்தில் நீளத்துக்குப் பரிசு இல்லை. புதியவர்களுக்குக் கால் மணி நேரம் போதும்.

நான் இந்து. என் முஸ்லிம் தோழியின் வீட்டில் தியானம் பற்றிப் பேச்சு வந்தால் சங்கடமாகிறது. எப்படிப் பேசுவது?

அக்கா, நீங்கள் அல்பிரூனி வழியைப் பிடிக்கலாம்: உங்கள் வழக்கத்தை உங்கள் சொல்லில் சொல்லுங்கள், அவர் வழக்கத்தை அவர் சொல்லில் கேளுங்கள். 'எல்லாம் ஒன்றுதானே' என்று முடிக்காதீர்கள், அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. உங்கள் மரபிலும் யோகம் வெறும் ஆசனமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நியமங்களில் ஒன்றாக ஸ்வாத்யாயம், அதாவது வேதநூல் ஓதல், இருக்கிறது. சுவாமி சிவானந்தர் பத்தமடையிலிருந்து வந்து 1913 முதல் 1923 வரை சிரம்பானிலும் ஜொகூர் பாருவிலும் டாக்டராக வேலை பார்த்த பிறகே ரிஷிகேசம் போனார். பிறகு மன ஒருமை பற்றி ஏராளமாக எழுதினார். இந்த நாட்டுத் தோட்ட மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தவர் என்ற பேச்சில் தொடங்கினால் உங்கள் தோழியும் ஆர்வமாகக் கேட்பார்.

கைப்பேசியில் குர்ஆன் ஓதலாமா? அதில்தான் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

ஓதலாம், தடையில்லை. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) பூவேலை செய்த ஒரு போர்வையோடு தொழுதார்கள். அந்த வேலைப்பாடு தொழுகையில் தம் கவனத்தை இழுத்தது என்று சொல்லி அதைத் தந்த அபூஜஹ்மிடமே திருப்பியனுப்பி, வேலைப்பாடு இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு போர்வையின் ஓரத்துப் பூவுக்கே அப்படியென்றால், ஓதும்போது மேலிருந்து இறங்கும் ஷோப்பி இணையக் கடை அறிவிப்பை என்ன சொல்வது?

எங்கள் வகுப்பில் கைப்பேசிகளை வாசலில் செருப்பு வைக்கும் தட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு வருகிறோம். ரெஹாலில் (குர்ஆன் வைக்கும் மரத்தாங்கியில்) அச்சிட்ட முஸ்ஹஃப், பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு. ஒரு வசனத்தை ஒருவர் ஓதுவார், மற்றவர்கள் பார்க்காமல் கேட்க வேண்டும். பிறகு அதே வசனத்தை ஒவ்வொருவரும் மெதுவாகத் தமக்குள் ஓதுவார்கள். அடுத்து ஒருவர் பொருளைத் தம் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பைப் பார்த்து வாசிக்கக்கூடாது. சொல்ல முடியாவிட்டால் மனம் அங்கே இல்லை என்று அவருக்கே தெரிந்துவிடும், யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. பிறகுதான் ஹஜ்ரத் விளக்கம் சொல்வார். அவசர அழைப்பு வரக்கூடியவர்கள், குறிப்பாக மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களும் வீட்டில் நோயாளி உள்ளவர்களும், கைப்பேசியை ஒலி திறந்தபடி என்னிடம் கொடுத்து வைக்கலாம்.